நம் மலை எரிமலையா?

(தேவதானத்தில் பொதுமக்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எரிமலையைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி வீற்றிருக்கும் இந்தத் தேவதானம் ஆகாயம். எரிமலையில் இந்த ஐந்துக்குமே வேலை இருக்கிறது. கல் உருகுகிறது, காற்று அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது, சாம்பல் ஆகாயத்தில் முப்பது கிலோமீட்டர்கூட ஏறுகிறது. இதில் நீருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உலகத்தின் மிகக் கொடிய எரிமலைகளை உண்டாக்குவதே நீர்தான். அதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அதற்கு முன்னால், இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "ஐயா, நம்ம மேற்கு மலை எரிமலையா? என்றைக்காவது வெடிக்குமா?"

எரிமலை அல்ல. ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அணைந்துபோனதும் அல்ல. உச்சி கூம்பாக இருப்பதைப் பார்த்துச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். திருவண்ணாமலையைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு உண்டு. மலையின் வடிவத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கல்லைத்தான் கேட்க வேண்டும்.

சாஸ்தா கோயில் ஆற்றுக்குப் போகாதவர்கள் இந்தச் சபையில் இருக்க மாட்டார்கள். அடுத்த முறை போகும்போது குளித்துவிட்டு வந்துவிடாமல், புதிதாக உடைந்த கல் ஒன்றைத் தேடி எடுங்கள். வெளிப்புறம் வெயிலிலும் மழையிலும் பழுப்பேறியிருக்கும். உடைந்த பக்கம் கறுப்பும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். சில கற்களில் கருஞ்சிவப்பாக கார்னெட் மணிகளும் இருக்கும். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லும் இந்த வகைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். சென்னைப் பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து 1893-இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது.

எரிமலையிலிருந்து வழிந்து தரையில் உறைந்த கல்லில் இவ்வளவு பெரிய மணிகள் வளர நேரம் கிடைக்காது. அது சீக்கிரம் ஆறிவிடுவதால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகிவிடும். பல துண்டுகளில் காற்றுக் குமிழி இருந்த இடம் ஓட்டை ஓட்டையாக நிற்கும். நம் மலைக் கல்லில் ஒரு ஓட்டைகூட இருக்காது. அது பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவான கல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் மோதி ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஆனபோது, அந்த மோதலின் அடிவயிற்றில் கிடந்தது. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையையும் மழையும் காற்றும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோன பிறகுதான் இது வெளிச்சத்தைப் பார்த்தது. எங்கோ ஆழத்தில் இருந்த பழைய மலையின் அடித்தளத்தைத்தான் நாம் இன்று அண்ணாந்து பார்க்கிறோம். எரிமலையைவிட இது குறைந்த அதிசயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கரிசல் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மலையடிவாரத்தில் செம்மண்ணும் வண்டலும். கிழக்கே போகப் போக, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். "கரிசல் என்றால் எரிமலைக் குழம்பு மக்கி வந்த மண்" என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தின் பருத்திக் காட்டுக்கு அது சரி. நம் கரிசலுக்குச் சரியல்ல. இங்கே அடியில் இருப்பது எரிமலைப் பாறை இல்லை. இரும்புச் சத்துள்ள நைஸ் போன்ற பழைய பாறைகள். மழை குறைந்த, வெயில் மிகுந்த சமவெளியில் அந்தப் பாறை மக்கும்போது உண்டாகும் களிமண், தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் வெடிக்கும். கையில் எடுத்தால் இரண்டும் ஒரே கரிசல்தான். பிறந்த விதம் வேறு.

இப்போது பூமிக்கு அடியில் போவோம்.

பூமிக்குள் எங்கும் நெருப்புக் கடல் கொதித்துக்கொண்டிருக்கிறது, மலையில் ஓட்டை விழுந்தால் அது வெளியே வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் படத்தை மனத்திலிருந்து அழித்தாலொழிய எரிமலை புரியாது. நாம் நிற்கும் மேலோடு தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கனம். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம் என்று பாடநூல் சொல்லும் பகுதி. அந்தக் கவசம் திடமான கல். திரவத்துக்குள் நுழைய முடியாத ஒருவகை நிலநடுக்க அலை அதற்குள் தாராளமாகப் போய்வருகிறது. அதை வைத்துத்தான் திடம் என்று அறிந்தார்கள். யுகக் கணக்கில் அது மிக மெதுவாக நகரும், ஆனால் திடம்தான்.

நம் தமிழர்கள் இறங்கிப் பார்த்த ஆழமே இதற்கு ஒரு சாட்சி. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். 2001-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. மனித உடம்புக்கு அது தாங்க முடியாத கொடுமை. கல்லுக்கோ அது ஒன்றுமே இல்லை. கல் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். தென்னிந்தியாவின் அடித்தளம் பழையது, கனமானது, குளிர்ந்தது. அதனால்தான் இங்கே எரிமலை இல்லை.

அப்படியானால் மற்ற இடங்களில் கல் எப்படி உருகுகிறது? 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் 1,300 டிகிரி அளவில் இருந்தும் அங்கே கல் உருகாததற்குக் காரணம் மேலே இருக்கும் பாரம். அந்த அழுத்தத்தில் அணுக்கள் விலக இடம் கிடைப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் அதே வெப்பத்திலேயே உருகத் தொடங்கிவிடும். இது ஒரு வழி. இன்னொரு வழி, அந்தக் கல்லுக்குள் தண்ணீரைக் கலப்பது. தண்ணீர் சேர்ந்த கல், சேராத கல்லைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைந்த வெப்பத்தில் உருகும். பூமியின் எரிமலைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றால் பிறந்தவை.

அழுத்தம் குறைவது இரண்டு சூழ்நிலைகளில். பூமியின் மேல்பகுதி பல தட்டுகளாகப் பிரிந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் அடியிலிருக்கும் கல் மேலே எழுந்து உருகுகிறது. உலகக் கடல்களின் நடுவே ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி ஒரு பிளவு ஓடுகிறது. பூமியில் வெளிவரும் எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி அங்கேதான், யார் கண்ணிலும் படாமல் கடலடியில் வழிகிறது. அது கடலுக்கு மேல் தலைகாட்டும் நாடு ஐஸ்லாந்து. கண்டத்தின் நடுவிலேயே பிளவு தொடங்கியிருக்கும் இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. இரண்டாவது சூழ்நிலை, தட்டின் ஓரம் எதுவும் இல்லாத இடத்திலும் கவசத்தின் ஆழத்திலிருந்து சூடான கல் தூணாக மேலெழுவது. இதை வெப்பப் புள்ளி என்கிறோம். ஹவாய் இதற்குப் பெயர்போனது. நமக்குச் சொந்தமான ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

தண்ணீர் சேர்வது, ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில். கடலடித் தட்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல் நீரில் ஊறியது. அதன் கனிமங்களுக்குள்ளேயே நீர் பிணைந்து கிடக்கும். அந்தத் தட்டு 100 கிலோமீட்டர் ஆழம் இறங்கும்போது வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து மேலே தள்ளுகின்றன. மேலே இருக்கும் சூடான கவசத்துக்குள் அது புகுந்ததும் கல் உருகுகிறது. "தட்டுகள் உரசுவதால் சூடாகி உருகுகிறது" என்று சொல்வது வழக்கம். முக்கியமான காரணம் உரசல் அல்ல, நீர். பசிபிக் கடலைச் சுற்றி 40,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கும் நெருப்பு வளையம் முழுக்க இந்த வகைதான். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், சிலி எல்லாம் அதில் வரும்.

எரிமலையின் குணம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைத்தான் இன்று நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விலகும் இடத்திலும் வெப்பப் புள்ளியிலும் வரும் குழம்பில் சிலிக்கா குறைவு, பாதிக்குப் பாதி. 1,100, 1,200 டிகிரி சூட்டில் இளக்கமாக ஓடும். பல கிலோமீட்டர் ஓடிப் பரவி, சரிவு அதிகமில்லாத அகன்ற மலையாகும். பாடநூலில் கேடய எரிமலை என்று படிப்பது இதுதான். அமிழும் இடத்தில் வரும் குழம்பு மேலேறும் வழியில் கெட்டிப்படுகிறது. சிலிக்கா 60, 70 சதவீதம் வரை போகும். நீரும் வாயுவும் நிறையக் கரைந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேளுங்கள். பால் இளக்கமாக இருக்கும்வரை குமிழி வந்து அமைதியாக உடையும். இறுகி வரும் நேரத்தில்தான் குமிழி வெளியேற வழியில்லாமல் புடைத்து, வெடித்து, கையில் தெறிக்கும். துடுப்பின் காம்பு நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டியான குழம்பில் அடைபட்ட நீராவி வெடிக்கும்போது சாம்பலும் கல்லும் வானத்துக்குப் போகின்றன. சாம்பல் ஓர் அடுக்கு, குழம்பு ஓர் அடுக்கு என்று மாறி மாறிப் படிந்து செங்குத்தான கூம்பு எழுகிறது. அது கூட்டு எரிமலை. இன்னும் கெட்டியாக இருந்தால் ஓடவே ஓடாமல் வாயிலேயே குவிந்து கும்மட்டமாக நிற்கும். அது கும்மட்ட எரிமலை.

கூம்புகளில் சிறியதும் உண்டு. 1943 பிப்ரவரி 20 அன்று மெக்சிகோவில் டியோனிசியோ புலிடோ என்ற விவசாயியின் மக்காச்சோளக் காட்டில் நிலம் பிளந்து புகை வந்தது. ஓராண்டுக்குள் அங்கே 300 மீட்டருக்கு மேல் ஒரு சாம்பல் கூம்பு எழுந்துவிட்டது. பரிக்குட்டின் என்ற அந்த எரிமலை 1952-இல் ஓய்ந்தது. பிறப்பு முதல் ஓய்வு வரை விஞ்ஞானிகள் கூடவே இருந்து பார்த்த எரிமலை அது.

குணம் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு நம் மக்களின் வரலாற்றையே சான்றாகக் காட்ட முடியும். பிரெஞ்சுக்காரர்கள் 1848-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். சிலரை இந்துமாக் கடலில் ரீயூனியன் தீவுக்கு. 1853 முதல் சிலரைக் கரீபியன் கடலில் மார்த்தினிக் தீவுக்கு. இரண்டும் எரிமலைத் தீவுகள். எந்த எரிமலையின் காலடியில் போய்ச் சேர்கிறோம் என்பது கப்பல் ஏறியவர்களில் எவருக்கும் தெரிந்திருக்காது.

ரீயூனியன் வெப்பப் புள்ளியின் மேல் நிற்கிறது. அதன் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர் உயரமுள்ள கேடய எரிமலை. உலகில் அடிக்கடி குழம்பு கக்கும் எரிமலைகளில் அது ஒன்று. பல ஆண்டுகளில் ஒரு முறைக்கு மேலும் பொங்கும். ஆனால் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத ஒரு பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் விழும். மக்கள் குடும்பத்தோடு போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவார்கள். 1977-இல் ஒரு முறை குழம்பு அந்தப் பள்ளத்துக்கு வெளியே வந்து பித்தோன் செயின்ட் ரோஸ் என்ற ஊருக்குள் நுழைந்தது. வீடுகள் போயின. உயிர் போகவில்லை, ஏனென்றால் மக்கள் விலகிப் போக நேரம் இருந்தது. அங்குள்ள தேவாலயத்தின் வாசல் வரை வந்த குழம்பு இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி உறைந்தது. அந்தத் தேவாலயத்தை இன்றும் பார்க்கலாம். அந்தத் தீவில் நம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கோயில் கட்டி, காவடி எடுத்து, தீ மிதிக்கிறார்கள்.

மார்த்தினிக் அமிழும் இடத்தில் நிற்கிறது. அட்லாண்டிக் கடலடித் தட்டு கரீபியன் தட்டின் கீழ் போகிறது. அங்கே மோன் பெலே என்ற எரிமலை. 1902-இல் ஏப்ரல் முதலே புகையும் சாம்பலும் கந்தக நாற்றமுமாக இருந்தது. மே 5 அன்று மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையை மூடியது. செயின்ட் பியர் நகர மக்களை அதிகாரிகள் வெளியேற்றவில்லை. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மே 8 காலை எட்டு மணி அளவில் மலையின் பக்கம் கிழிந்து, நெருப்பாகத் தகிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்று தரையோடு தரையாக நகரத்துக்குள் பாய்ந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள். சிறையின் கனத்த சுவருக்குள் அடைபட்டிருந்த ஒரு கைதி தீக்காயங்களோடு பிழைத்தார். குழம்பு நகரத்துக்குள் வரவே இல்லை. வந்தது நீராவியும் சாம்பலும். தமிழ்க் குடும்பங்கள் நிறையக் குடியேறிய பாஸ் புவாந்த் என்ற ஊர் அதே மலையின் வடக்குப் பக்கம் இருக்கிறது.

ஒரே அரசு, ஒரே கரும்பு, ஒரே துறைமுகங்களிலிருந்து போன மக்கள். மலைகளின் குணத்தில் மட்டும் இந்த வித்தியாசம். அடியில் நீர் இறங்குகிறதா இல்லையா என்பதே அதைத் தீர்மானித்தது.

நமக்குச் சொந்தமான வெப்பப் புள்ளி ஒன்று இருக்கிறது என்று முன்பு சொன்னது ரீயூனியனைத்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியத் தட்டு அதே வெப்பப் புள்ளியின் மேல் வந்து நின்றது. நிலம் நெடுக விரிசல் விட்டு, அலை அலையாகக் குழம்பு பரவியது. அதுதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை. இன்றைக்கு எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் மேற்குப் பகுதியில் 2 கிலோமீட்டர் கனம். அஜந்தாவும் எல்லோராவும் அந்தக் குழம்பில் குடைந்தவை. டைனோசர்கள் அழிந்த காலமும் அதுவே. விண்கல் மோதியது முதல் காரணமா, இந்தக் குழம்பும் வாயுவும் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பிறகு இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவு வேகத்தில் வடக்கே விரைந்தது. வெப்பப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. கடந்துபோன தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரிமலைகள் எழுந்து அணைந்தன. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரிஷியஸ், ரீயூனியன் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் நீங்கள் காணும் வெண்பவளத்துக்கு அடியில் கறுப்பு எரிமலைப் பாறை கிடக்கிறது. அஜந்தாவைக் குடைந்த கல்லும் ரீயூனியனில் இந்தத் தலைமுறை பார்க்கும் குழம்பும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதுதான் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கும் விளக்கம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை அந்தக் குழம்பு எட்டவில்லை. இதற்கு முன்னால், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தபோது மேற்குக் கரையில் சில இடங்களில் குழம்பு வந்தது. கர்நாடகத்தில் உடுப்பிக்கு எதிரே செயின்ட் மேரி தீவுகளில் அது ஆறு பட்டைத் தூண்களாகச் சுருங்கி உறைந்து நிற்கிறது. மல்பேயிலிருந்து படகில் போகலாம். எரிமலைப் பாறையைக் கையால் தொட ஆசைப்படும் மாணவர்களுக்குப் பள்ளிச் சுற்றுலாவில் இந்த இடத்தைச் சேர்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அந்தமானில் போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் பாரன் தீவு. 3 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டத் தீவு. கடலுக்கு மேல் 350 மீட்டர் அளவே தெரியும். கடலடியிலிருந்து கணக்கிட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிற்கும் மலை அது. பழைய கூம்பின் உச்சி இடிந்து உண்டான பெரும்பள்ளத்தின் நடுவே புதிய கூம்பு எழுந்திருக்கிறது. 1787-இல் கப்பலில் போனவர்கள் அது புகைவதைப் பதிவு செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ 150 ஆண்டுகள் அமைதி. அணைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1991-இல் மீண்டும் வெடித்தது. பிறகு 1994, 2005 என்று தொடர்ந்தது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் கப்பலில் அந்தப் பக்கம் ஆய்வில் இருந்தபோது, பகலில் சாம்பல் மேகத்தையும், பொழுது சாய்ந்தபின் வாயிலிருந்து சிவந்த குழம்பு பீறிட்டுச் சரிவில் வழிவதையும் நேரில் கண்டார்கள். மனிதர் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

பாரன் தீவு ஏன் அங்கே இருக்கிறது? நாம் நிற்கும் இதே இந்தியத் தட்டின் கிழக்கு ஓரம் அந்தமானுக்கு மேற்கே பர்மாத் தட்டின் கீழ் அமிழ்கிறது. அமிழ்ந்த தட்டு பிழிந்து அனுப்பும் நீரால் உருகிய கல்தான் பாரன் தீவின் குழம்பு. அதே வரிசையில் வடக்கே நார்கொண்டம், மியான்மரின் போப்பா மலை. தெற்கே சுமத்ரா முழுக்க. ஒரே எல்லைக் கோடு.

அந்தக் கோட்டை நமக்கு 2004 டிசம்பர் 26 காட்டியது. அங்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் தட்டு சட்டென்று நழுவியபோது எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எரிமலையும் அந்த நிலநடுக்கமும் ஒரே தட்டு அமிழ்வதன் விளைவுகள். எரிமலை நமக்கு வெகுதூரம் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1883 ஆகஸ்டில் அதே கோட்டில் இன்னும் தெற்கே கிரகட்டோவா வெடித்தபோது இறந்த 36,000 பேரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றதும் அலைதான். வெடிச் சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது.

அதையும் சின்னதாக்கும் ஒன்று அங்கே நடந்திருக்கிறது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் சுமத்ராவில் தோபா வெடித்தது. இன்று அங்கே 100 கிலோமீட்டர் நீள ஏரி. அந்தச் சாம்பல் காற்றில் வந்து இந்தியா முழுவதும் படிந்தது. ஆந்திரத்தின் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படுகையை இன்றும் வெட்டி எடுக்கலாம். அதற்குக் கீழேயும் மேலேயும் மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்தன. அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் இந்த மண்ணில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக, நம் வீட்டுக்கு மிகப் பக்கத்து விஷயம். 1990-களின் கடைசியில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அபிஷேகப்பட்டியில், மண்ணிலிருந்து உருகிய கல் வெளிவந்து கண்ணாடி போல் உறைந்ததாகச் செய்தி வந்தது. எரிமலை வெடித்துவிட்டது என்று ஊரே திரண்டது. புவியியல் ஆய்விதழிலும் அதைப் பற்றி எழுதினார்கள். நிலத்தின் அசைவு காரணம் என்றார்கள் சிலர். மின்கம்பம் வழியாக மண்ணில் இறங்கிய மின்சாரம் என்றார்கள் சிலர். பிறகு தென்மாவட்டங்களில் அவ்வப்போது இப்படிச் செய்திகள் வந்தன. பெரும்பாலும் பக்கத்தில் ஒரு மின்கம்பம் இருந்தது. என் முடிவு மின்சாரத்தின் பக்கம்தான். 40 கிலோமீட்டர் கனமுள்ள, குளிர்ந்த மேலோட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு வாளி அளவு குழம்பு மட்டும், நிலநடுக்கம் இல்லாமல், வாயு இல்லாமல், சரியாக ஒரு மின்கம்பத்தின் காலடியில் வந்து நிற்காது. இடி விழுந்தாலும் உயரழுத்தக் கம்பி அறுந்து விழுந்தாலும் மணல் உருகிக் கண்ணாடியாவது உலகம் முழுக்க அறிந்த ஒன்று.

ஆகவே நம் ஊர்ப் பக்கம் எங்காவது கல் உருகுகிறது, மண் புகைகிறது என்று கேள்விப்பட்டால் பயந்து ஓட வேண்டாம். ஆனால் வேடிக்கை பார்க்கப் பக்கத்திலும் போகாதீர்கள். அந்த மண்ணில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். கால் வைத்தாலே உயிருக்கு ஆபத்து. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள். முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஆள் வந்து பார்த்து, எல்லாம் ஆறிய பிறகு, அந்தக் கண்ணாடித் துண்டில் ஒன்றை உங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துவந்து சாஸ்தா கோயில் ஆற்றுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.